வேக்: முந்திப் போறப்போ வேகத்தைக் குறைக்க வேண்டியது யாரு?

பாய்மரக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு கேள்வி. இங்க மோட்டார் போட் வச்சிருக்கவங்களும் இருக்கீங்க, பாய்மரம் ஓட்டுறவங்களும் இருக்கீங்க, அதனால கேட்டுடறேன். குறுகலான சானல்ல, அதாவது நீர்வழில, காத்து இல்லாதப்போ எஞ்சினப் போட்டு 6 நாட்ல (மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர்) போய்ட்டிருப்பேன், பின்னாடியே ஒரு பெரிய மோட்டார் போட் வரும். சில பேர் வேகத்தைக் குறைக்கவே மாட்டாங்க, அவங்களை விடுங்க. ஆனா நல்ல மனசோட த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி) குறைச்சு கையக் காமிச்சுட்டு மெதுவா தாண்டிப் போறவங்க இருக்காங்க பாருங்க, அவங்க விட்டுட்டுப் போற அலை, அதாவது வேக்தான், பல தடவை இன்னும் மோசமா இருக்கு. படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாஞ்சு, மாஸ்ட், அதாவது பாய்க்கம்பத்தோட கம்பியெல்லாம் அதிர்ந்து, கீழ கேபின்ல இருக்கிறவங்க கைக்குக் கிடைச்சதைப் புடிச்சுக்க வேண்டியிருக்கு. மரியாதையா நடந்துக்கிறவங்ககிட்ட போய் எப்படிக் கோவப்படறது?

என் பக்கத்துல நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா? கூட வர்றவர் சொல்றார், நம்மளை முந்துறாங்கன்னா நாம திசையும் மாத்தக்கூடாது வேகமும் மாத்தக்கூடாது, அதுதான் விதின்னு. அது இந்த இடத்துக்கும் பொருந்துமா?

அவுட்போர்டு90

அக்கா, நீங்க கோவப்படாம கேட்டதுக்கே முதல்ல நன்றி. எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். தூரத்துலயே பாய்மரப் படகைப் பாத்துட்டா நான் வேகத்தைக் குறைக்கத்தான் செய்றேன். ஆனா நீங்க 6 நாட்ல போறீங்க, உங்களைத் தாண்டணும்னா நான் 8 இல்லன்னா 9ல போயாகணும், என் போட்டுக்கு அந்த வேகம்தான் ரொம்ப மோசமான வேகம், மூக்கு மேல தூக்கிக்கும், பின்பக்கம் தண்ணில அமுங்கிடும், முன்னாடி என்ன இருக்குன்னே சரியாத் தெரியாது. 7ல போனா உங்க பக்கத்துலயே ரொம்ப நேரம் ஒட்டிக்கிட்டே வரணும், சானல்ல எதிர்ல வேற ஆள் வந்தா ரெண்டு பேருக்கும் சிக்கல். முழு வேகத்துலயே போய்ட்டா அலை உண்மையிலேயே சின்னதா இருக்கும், ஆனா அப்படிப் போனா திட்டு விழுது, குறைச்சுட்டுப் போனாலும் திட்டு விழுது. வேற என்னதான் பண்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கிப்பர்மாமா

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்மா, ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தண்ணியத் தள்ளிக்கிட்டுப் போற படகு எதுவா இருந்தாலும் தானே ஒரு அலைய உண்டாக்கிக்கிட்டு அதுகூடவே போகுது. வேகம் கூடக்கூட அந்த அலையோட நீளமும் கூடும். ஒரு கட்டத்துல அலையோட நீளமும், படகு தண்ணியத் தொடுற நீளம் அதாவது வாட்டர்லைன் நீளமும் ஒண்ணாயிடும். அந்த வேகத்தைத்தான் ஹல் ஸ்பீடுன்னு சொல்றோம். வாட்டர்லைனை அடிக் கணக்குல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா நாட்ல வேகம் கிடைக்கும். 25 அடி வாட்டர்லைன்னா 6.7 நாட், 36 அடின்னா 8 நாட். அதுக்கு மேல த்ராட்டில் குடுத்தீங்கன்னா அலை படகை விட நீளமாயிடும், பின்பக்கம் அலையோட பள்ளத்துல இறங்கிடும், மூக்கு மேட்டுல ஏறிக்கும். எஞ்சின் போடற சக்தில பெரும்பகுதி அலைய உண்டாக்கத்தான் போகும். தம்பி சொன்ன அந்த 8, 9 நாட் அவர் போட்டுக்கு இந்த இடத்துலதான் விழுது. இன்னும் வேகம் கூட்டினா போட் அந்த மேட்டைத் தாண்டி தண்ணிக்கு மேல வழுக்க ஆரம்பிக்கும், ப்ளேன் ஆகும், அப்போ அலை மறுபடி சின்னதாகும்.

அதனால ப்ளேன்ல வர்றவர் பாதி த்ராட்டிலுக்கு வந்தார்னா அவர் மரியாதை பண்றதா நினைக்கிறார், தண்ணிக்கு அது தெரியாது. ஒண்ணு முழுசா இறங்கி ஹல் ஸ்பீடுக்கு நல்லா கீழ வரணும், இல்லன்னா தண்ணி அகலமா இருக்கிற இடத்துல நல்லா விலகி ப்ளேன்லயே போய்டணும். நடுவுல நிக்கறதுதான் கெடுதல்.

அலையோட உயரம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி நாலு மடங்கு ஆகும், இதை மனசுல வச்சுக்கோங்க. 30 சென்டிமீட்டர் அலைக்கும் 60 சென்டிமீட்டர் அலைக்கும் பாக்க ஒரு முழம்கூட வித்தியாசம் இல்ல, அடி வாங்குற படகுக்கு அது வேற விஷயம்.

இப்போ பாய்மரக்காரி கேட்டதுக்கு வர்றேன். குறுகலான இடத்துல நீங்க 6 நாட்லயே போய்ட்டிருந்தா பின்னாடி வர்றவரால சின்ன அலையோட உங்களைத் தாண்டவே முடியாது, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் முடியாது. நீங்களும் குறைக்கணும். நீங்க 3 நாட்டுக்கு வந்துட்டீங்கன்னா அவர் 5ல தாண்டலாம், 5ல அவருக்கு அலையே பெருசா வராது. ரெண்டு நாட் வித்தியாசம்னா செகண்டுக்கு ஒரு மீட்டர், ரெண்டு படகு நீளத்தையும் சேத்து 25 மீட்டர்னு வச்சா அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நீங்க 6லயும் அவர் 7லயும் போனா அதே வேலைக்கு ஏறக்குறைய ரெட்டிப்பு நேரம், அலையும் பெருசு.

தாண்டி முடிச்சதும் இன்னொண்ணு பண்ணுங்க. அவர் பின்பக்கம் உங்க மூக்கைத் தாண்டின உடனே அவருக்கு நேர் பின்னாடி திரும்பி நுழைஞ்சிடுங்க. படகுக்குப் பின்னாடி அலை V மாதிரி விரிஞ்சு போகும், ஆழமான தண்ணில அந்த V ஒவ்வொரு பக்கமும் சுமார் 19.5 டிகிரி, 19ஆம் நூற்றாண்டுல கெல்வின் பிரபு கணக்குப் போட்டு வச்சது. அந்த ரெண்டு கைக்கும் நடுவுல தண்ணி கிட்டத்தட்ட சமமா இருக்கும். அங்க போகணும்னா ஒரு கையைத் தாண்டியாகணும், ஆனா அதை விலாவுல வாங்காம மூக்கால வெட்டிக்கிட்டுப் போவீங்க, படகு உருளாது.

பாய்மரக்காரி

மாமா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, நன்றி. ஆனா என் கேள்வியோட ரெண்டாவது பாதி அப்படியே நிக்குது. முந்தப்படற படகு வேகத்தை மாத்தாம போகணும்ங்கிற விதி இருக்கே, நான் பாட்டுக்கு 3 நாட்டுக்கு வந்தா அது தப்பாகாதா? அவர் எதிர்பாக்காம இடிச்சிட்டார்னா?

காற்றுவழி

நான் விதிகளைப் படிச்சு சொல்லிக்குடுக்கிற வேலை பாக்கறேன், அதனால உள்ள வர்றேன். நீங்க சொல்றது 1972ஆம் வருஷத்து சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், 1977ல அமலுக்கு வந்துச்சு. 13ஆம் விதி, முந்துற படகுதான் விலகிப் போகணும்னு சொல்லுது, மோட்டாரா இருந்தாலும் பாயா இருந்தாலும் இதுல மாத்தமே இல்ல. 17ஆம் விதி, மத்த படகு திசையும் வேகமும் மாத்தாம இருக்கணும்னு சொல்லுது. உங்க கூட வர்றவர் சொன்னது இது வரைக்கும் சரி.

ஆனா பலபேர் 9ஆம் விதியை முழுசாப் படிக்கிறதில்ல. குறுகலான சானல்ல, முந்தப்படற படகு ஏதாவது செஞ்சாத்தான் பத்திரமா முந்த முடியும்ங்கிற நிலைமைக்கு அதுல தனியா ஒரு பகுதியே இருக்கு. முந்த விரும்பறவர் ஹார்ன்ல கேக்கணும். ரெண்டு நீள ஒலியும் ஒரு குறு ஒலியும் குடுத்தா உங்க வலதுபக்கமா முந்தப் போறேன்னு அர்த்தம், ரெண்டு நீளம் ரெண்டு குறு குடுத்தா இடதுபக்கமா. முந்தப்படறவருக்கு சம்மதம்னா நீளம் குறு நீளம் குறுன்னு பதில் குடுத்துட்டு, பத்திரமா தாண்டறதுக்கு வேண்டியதைச் செய்யணும். சந்தேகம் இருந்தா அஞ்சு குறு ஒலி. ஆக, ஒத்துக்கிட்டு வேகம் குறைக்கிறது விதியை மீறுறது ஆகாது, அந்த விதி எதிர்பாக்கிறதே அதைத்தான். சொல்லாம கொள்ளாம திடீர்னு குறைக்கிறதுதான் ஆபத்து.

அமெரிக்க உள்நாட்டு நீர்வழில இந்த ஒலிகள் வேற, அங்க ஒரு குறு ஒலி, ரெண்டு குறு ஒலிதான். எங்க ஓட்டறீங்களோ அந்த இடத்து விதியைப் பாத்துக்கோங்க.

சின்னப் படகுகள்ல யாரும் ஹார்ன் அடிக்கிறதில்லங்கிறது எனக்கும் தெரியும். வி.எச்.எஃப் ரேடியோ இருந்தா அதுல பேசறதுதான் எல்லாத்தையும் விட நல்லது. ரேடியோல 16ஆம் சானல்ல கூப்பிட்டு, வேற சானலுக்கு மாறி, 'உங்க இடதுபக்கமா மெதுவாத் தாண்டறேன், நீங்க கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா'ன்னு கேட்டா போதும். பவரை 1 வாட்ல வைங்க, பக்கத்துல இருக்கிற ஆள்கிட்ட பேச அதுவே தாராளம்.

கடல்வழி

மன்னிக்கணும், நான் இதுல முழுசா ஒத்துக்கல. படகுன்னு ஒண்ணு தண்ணில இறங்கினா ஆடத்தான் செய்யும். திறந்த கடல்ல காத்து அலையே ஒரு மீட்டர் இருக்கு, அங்க யாரும் யாருக்கும் கடிதம் எழுதறதில்ல. ஒவ்வொரு பாய்மரப் படகுக்கும் ஒவ்வொரு கயாக்குக்கும் (துடுப்புப் போடற ஒல்லியான சின்னப் படகு) ப்ளேன்ல இருந்து இறங்கி ஏறினா எரிபொருளும் போகுது நேரமும் போகுது. கேபின்ல எல்லாத்தையும் கட்டி வைக்கிறது ஓட்டறவரோட பொறுப்பு. போதாததுக்கு சானல் நடுவுலயே நங்கூரம் போட்டு உக்காந்துக்கிட்டு, போற வர்றவங்களைத் திட்டறவங்களும் இருக்காங்க, அதே 9ஆம் விதில குறுகலான சானல்ல முடிஞ்ச வரைக்கும் நங்கூரம் போடாதேன்னும் இருக்கே, அதை யாரும் சொல்றதில்ல.

நங்கூரம்

கடல்வழி சார், நங்கூரம் பத்தி சொன்னது நியாயம், சானல்ல போடக்கூடாது, அதுல ரெண்டு கருத்தே இல்ல. எரிபொருள் கணக்கும் புரியுது. திறந்த கடலைப் பத்தி சொன்னதையும் ஒத்துக்கறேன், அங்க யாரும் யார்கிட்டயும் இதை எதிர்பாக்கிறதில்ல.

ஆனா காத்து அலையும் வேக்கும் ஒண்ணு கிடையாது சார். காத்து அலை தொடர்ந்து வந்துட்டே இருக்கும், உடம்பு அதுக்குப் பழகிடும், கால் தானா ஊன்றிக்கும். வேக் வர்றது அமைதியான தண்ணில. ஒதுக்குப்புறமா நங்கூரம் போட்டு நிக்கிற படகுல ஒருத்தர் கொதிக்கிற பாத்திரத்தைக் கைல வச்சிருப்பார், ஒருத்தர் மாஸ்ட் மேல ஏறி விளக்கு மாத்திட்டிருப்பார், ஒரு குழந்தை டிங்கின்னு சொல்ற சின்னப் படகுல இருந்து பெரிய படகுக்கு ஏற ஒரு கால் எடுத்து வச்சிருக்கும். மாஸ்ட் உச்சில இருக்கிறவருக்குக் கீழ அஞ்சு டிகிரி சாஞ்சாலே மேல ஒரு மீட்டர் வீசி அடிக்கும்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தோணறதே இல்ல. அலை வந்து சேர்றப்போ அதை உண்டாக்கின ஆள் அங்க இருக்க மாட்டார். மூணு செகண்டுக்கு ஒரு தடவை வர்ற அலைன்னு வச்சுக்கோங்க, ஆழமான தண்ணில அந்த அலைக்கூட்டம் செகண்டுக்கு சுமார் 2.3 மீட்டர்தான் நகரும். 150 மீட்டர் தள்ளிப் போன படகோட அலை எங்களை வந்து அடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். 20 நாட்ல போறவர் அதுக்குள்ள அரை கிலோமீட்டருக்கு மேல போயிருப்பார். அவர் கெட்டவர் இல்ல, அவர் கண்ணுல அது படவே இல்ல. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், தாண்டினதும் ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாருங்க. உங்க அலை எங்க போகுது, எதுல மோதுதுன்னு பாத்தாலே அடுத்த தடவை கை தானா த்ராட்டிலுக்குப் போகும்.

ஜெட்டில, அதாவது படகுத்துறைல கட்டியிருக்கிற படகுகளுக்கு இது இன்னும் கொடுமை. சுவர் கட்டின கரைன்னா அலை கரைஞ்சு போகாது, மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோட சேந்துக்கும், கொஞ்ச நேரத்துக்கு அந்த இடமே கொதிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு பாய்மரப் படகு பக்கத்துல பக்கத்துல கட்டியிருந்தா ரெண்டும் எதிரெதிரா உருண்டு மாஸ்ட்ல இருக்கிற குறுக்குக் கை ரெண்டும் இடிச்சுக்கும், அதனால கட்டுறப்போவே மாஸ்ட் ரெண்டும் ஒரே வரிசைல வராம ஒரு படகை முன்னப் பின்ன தள்ளிக் கட்டுங்க. வெனிஸ்ல மோட்டார் படகு அலை கட்டடங்களோட அஸ்திவாரத்தையே அரிக்குதுன்னு பல வருஷமா போராடறாங்க, மோட்டோ ஒந்தோசோன்னு அந்தப் பிரச்சினைக்கு ஊர்ல பேரே இருக்கு.

கடல்வழி

நான் திறந்த கடலை வச்சு சொன்னேன், நீங்க ஒதுக்குப்புற நீரை வச்சு சொல்றீங்க. அந்த இடத்துல நீங்க சொல்றதை மறுக்கல. ஆனா அலையே இல்லாம போங்கன்னு போர்டு இல்லாத இடத்துலயும் அதை எதிர்பாக்கிறது நியாயமான்னு மட்டும் இன்னும் கேக்கறேன்.

காற்றுவழி

போர்டு இருந்தா அது கட்டாயம். அப்படிப் போட்ட இடத்துல, சுக்கான் பேச்சு கேக்கிற அளவுக்கு மட்டும் வேகம் வச்சுக்கிட்டு, அதுக்கு மேல போகாம இருக்கணும். போர்டு இல்லன்னா 6ஆம் விதி இருக்கு, பாதுகாப்பான வேகம், சுத்தி எவ்வளவு படகு இருக்கு, ஆழம் எவ்வளவுங்கிறதெல்லாம் அதுல வருது. 2ஆம் விதி இருக்கு, நல்ல மாலுமிக்குரிய கவனம் இல்லாம போனதுக்கு விதில எழுதலங்கிறது சாக்கு ஆகாது. பல நாடுகள்ல உங்க அலையால சேதம் வந்தா நீங்கதான் பொறுப்பு, போர்டு இருந்தாலும் இல்லன்னாலும்.

ஆழம்னதும் ஒண்ணு சொல்லணும். ஆழம் கம்மியான தண்ணில அலை வேற மாதிரி நடந்துக்கும். படகோட வேகம் அந்த ஆழத்துல அலை ஓடக்கூடிய அதிகபட்ச வேகத்தை நெருங்கிடுச்சுன்னா அலை குவிஞ்சு நிமிந்துக்கும். 2 மீட்டர் ஆழத்துக்கு அந்த வேகம் சுமார் 8.6 நாட், 3 மீட்டருக்குப் பத்தரை. சாதாரணமா நாம சானல்ல ஓட்டற வேகம் அப்படியே அங்க போய் விழுது. ஆழத்துல 9 நாட்ல ஒண்ணும் தெரியலன்னு நம்பி மேட்டுப் பக்கமும் அதே வேகத்துல போகாதீங்க.

துடுப்பாளி

எங்களையும் கொஞ்சம் சேத்துக்கோங்க. நான் துடுப்புப் போட்டிப் படகு ஓட்டறேன், சில நாள் கயாக். எட்டு பேர் உக்கார்ற படகு 17 மீட்டருக்கு மேல நீளம், அகலமோ ஒரு ஆள் இடுப்பைக் கொஞ்சம் தாண்டும், தண்ணிக்கு மேல தெரியற விளிம்பு ரொம்பக் கம்மி.

அலையை மூக்கால சாய்வா வாங்கணும்னு எல்லாருக்கும் சொல்றது எங்க நீளப் படகுக்குப் பொருந்தாது. அப்படி வாங்கினா மூக்கு ஒரு மேட்டுலயும் வால் இன்னொரு மேட்டுலயும் உக்காந்து நடுவுல தாங்க ஒண்ணும் இல்லாம போய்டும், படகு முறுக்கும், நடுவுல தண்ணி ஏறும். பெரிய அலை வந்தா நாங்க நின்னு, அலைக்கு இணையா படகைத் திருப்பி, துடுப்பைத் தண்ணில பரப்பி வச்சு உக்காந்துடுவோம். அப்போ நாங்க ஏன் குறுக்கத் திரும்பறோம்னு குழம்பிப் போய் பக்கத்துல வந்து என்னாச்சுன்னு கேக்கறாங்க சிலர். அக்கறைதான், ஆனா கிட்ட வராதீங்க, கிட்ட வந்து நிக்கறதுக்காக ப்ளேன்ல இருந்து இறங்குற அந்த நொடிலதான் உங்க மோசமான அலை எங்களை நோக்கிக் கிளம்புது. எங்க பயிற்சியாளர்கள் ஓட்டற லாஞ்ச், அதாவது மோட்டார் படகு, பலதும் ரெண்டு ஒல்லி ஹல் (படகோட உடம்பு) வச்சது, அலை கம்மியா வரணும்னே அப்படி வடிவமைச்சது.

கயாக்ல இருக்கிறப்போ சொல்றது வேற. கரை ஓரம் இல்லன்னா நிறைய பேருக்கு அலை ஒரு பொருட்டே இல்ல, சில பேருக்குப் பிடிக்கவே செய்யும். புதுசா கத்துக்கிறவங்களும் குழந்தைங்களும் யாருன்னு தூரத்துல இருந்து உங்களுக்குத் தெரியாது, அதான் பிரச்சினை. தூரத்துலயே குறைச்சுடுங்க, இல்லன்னா நல்லா விலகிப் போங்க. பாய் விரிச்ச சின்ன டிங்கிகளுக்கும் இதேதான், காத்து கம்மியான நாள்ல ஒரு வேக் போதும், பாய்ல இருந்த காத்தெல்லாம் உதறிப் போய் படகு நின்னுடும், பூம், அதாவது பாயோட அடிக்கட்டை, தலைக்கு மேல வீசும்.

தூண்டில்காரன்

நானும் ஒண்ணு சொல்லிக்கறேன் சுருக்கமா. தூண்டில் இழுத்துக்கிட்டு மெதுவாப் போற படகுக்குப் பின்னாடி தாண்டறவங்க நல்லா தள்ளித் தாண்டுங்க, கயிறு நீங்க நினைக்கிறதை விட ரொம்பப் பின்னாடி வரைக்கும் இருக்கும். அப்புறம் சின்ன மீன்பிடிப் படகு வச்சிருக்கிற தம்பிங்களுக்கு, தயவுசெஞ்சு பின்பக்கத்துல இருந்து நங்கூரம் போடாதீங்க. எஞ்சின் கனம் அங்க, விளிம்பு தாழ்வா இருக்கிறதும் அங்க, கயிறு கீழ இழுக்கறதும் அங்க. ஒரு நல்ல வேக் வந்தா தண்ணி நேரா உள்ள ஏறும், அடுத்தது வர்றதுக்குள்ள படகு போயிடும். அடுத்தவர் மரியாதையை நம்பி இதுல இருக்க முடியாது.

சர்ஃப்_வேக்

இந்த இழைல என்னை மாதிரி ஆளைத் திட்டப் போறீங்கன்னு தெரிஞ்சேதான் வர்றேன். வேக்சர்ஃபிங், அதாவது படகோட அலைல பலகை மேல சறுக்கற விளையாட்டுக்கான படகு வச்சிருக்கேன். தொட்டில தண்ணி நிரப்பி படகை வேணும்னே கனமாக்கி, மணிக்கு 16ல இருந்து 19 கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டி, மாமா சொன்ன அந்த மோசமான வேகத்துலயே நாள் முழுக்க நிக்கறோம். விளையாட்டே அந்த அலைலதான் இருக்கு, அதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. அதனாலயே எங்க பொறுப்பு மத்தவங்களை விட ஜாஸ்தின்னு நினைக்கறேன்.

2022ல மினசோட்டா பல்கலைக்கழகத்தோட செயின்ட் ஆந்தனி ஃபால்ஸ் ஆய்வகம் வேக்சர்ஃப் படகுகளோட அலைய அளந்து ஒரு அறிக்கை குடுத்தாங்க. சாதாரணப் படகுகளோட அலை அளவுக்கு எங்க அலை இறங்கணும்னா கரைல இருந்து 500 அடிக்கு மேல தள்ளி ஓட்டணும்னு அதுல வந்துச்சு. நான் அதுக்கு அப்புறம் அந்த 500 அடியை மனசுல கோடு போட்டு வச்சிருக்கேன், ஏரி சின்னதா இருந்தா அங்க சர்ஃப் இறக்கறதே இல்ல. ஆழமும் முக்கியம், மூக்கு தூக்கின நிலைல ப்ரொப்பெல்லர் தண்ணியக் கீழ்நோக்கித் தள்ளுது, மேடான இடத்துல அடிச் சேறு முழுக்கக் கிளம்பும்.

ஒரே கோட்டுல போய் திரும்பி அதே கோட்டுல வர்றதுதான் கரைல இருக்கிறவங்களுக்கு எரிச்சல், ஒரு வீட்டு ஜெட்டிக்கு நாள் முழுக்க அடி. இடம் மாத்திட்டே இருங்க. ஆள் விழுந்தா வட்டம் போட்டுத் திரும்பாதீங்க, நிறுத்தி, நேராத் திரும்பி, மெதுவா வாங்க. வட்டம் போட்டா எல்லாப் பக்கமும் அலை கிளம்பி, விழுந்து கிடக்கற ஆளுக்கே அது ஆபத்து.

துடுப்பாளி

சர்ஃப்_வேக், திட்ட மாட்டேன். நீங்க எழுதினதை உங்க கூட்டத்துல இன்னும் நாலு பேர் படிக்கணும்னு மட்டும் ஆசைப்படறேன்.

அவுட்போர்டு90

மாமா சொன்ன மாதிரி இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிப் பாத்தேன். ஒரு பாய்மரப் படகுக்கு ரேடியோல சொன்னேன், அவங்க குறைச்சாங்க, நான் 5ல தாண்டினேன், அலை ஒண்ணுமே இல்ல, பின்னாடி நுழைஞ்சு கையக் காட்டிட்டுப் போனாங்க. அடுத்த படகுக்கு ரேடியோ இல்ல போல, கைய மேல கீழ ஆட்டி மெதுவாங்கன்னு காமிச்சேன், அவர் நான் வணக்கம் சொல்றேன்னு நினைச்சு பதிலுக்கு வணக்கம் சொல்லிட்டு அதே 6ல போய்ட்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்துல என்ன பண்றது? இன்னொரு சந்தேகம், ப்ளேன்ல இருந்து இறங்குறப்போ பின்பக்கம் தண்ணி ஏறப் பாத்துச்சு, அது ஏன்?

ஸ்கிப்பர்மாமா

தம்பி, ரெண்டாவது கேள்விதான் முதல்ல, அது பாதுகாப்பு விஷயம். த்ராட்டிலைச் சட்டுனு இழுத்தா படகு நின்னுடும், உங்க பின்னாடி வந்துட்டிருந்த உங்க அலை நிக்காது. அது வந்து பின்பக்கம் ஏறும். தாழ்வான பின்பக்கம் இருக்கிற போட்ல எஞ்சின் கிணத்துல தண்ணி வந்துடும். படிப்படியா குறைங்க, முன்னாடி போற படகுக்குப் பின்னாடி நல்ல தூரத்துலயே ஆரம்பிச்சுடுங்க. இதுல இன்னொரு நன்மையும் இருக்கு. இறங்குறப்போ கிளம்புற அந்தப் பெரிய அலை உங்களை விட்டு முன்னாடி ஓடும், நீங்க அவர் பக்கத்துல போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே தேஞ்சு போயிருக்கும். அவர் வால்கிட்ட வந்து இறங்கினீங்கன்னா நேரா அவர் மேலதான் போகும்.

முதல் கேள்விக்கு, கை சைகைக்குன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு முறை கிடையாது, அதனாலதான் இந்தக் குழப்பம். எனக்கு வேலை செஞ்சது, உள்ளங்கையக் கீழ பாக்க வச்சு தண்ணிய அமுக்குற மாதிரி நிதானமா ரெண்டு மூணு தடவை, அப்புறம் எந்தப் பக்கம் தாண்டப் போறேனோ அந்தப் பக்கம் விரலை நீட்டறது. அவர் புரிஞ்சுக்கலன்னா பின்னாடியே கொஞ்ச தூரம் 6லயே போங்க, சானல் அகலமாகற இடம் வரும், அங்க விலகித் தாண்டுங்க. அஞ்சு நிமிஷம் போனாப் போகட்டும். தாண்டினதும் உடனே த்ராட்டில் குடுக்காதீங்க, ஏறுறப்போவும் போட் அதே மோசமான வேகத்தைத் தாண்டித்தான் ஏறணும். நிறைய பேர் அழகாத் தாண்டிட்டு அவர் மூக்குக்கு முன்னாடியே த்ராட்டிலை அமுக்கிடறாங்க, அத்தனையும் வீணாப் போகுது.

பாய்மரக்காரி

நான் இனிமே பின்னாடி வர்றவரைப் பாத்ததும் ரேடியோல நானே முந்திக்கிட்டு கூப்பிட்டுச் சொல்லப் போறேன், நான் 3க்கு வர்றேன், நீங்க தாண்டுங்கன்னு. மாமா, ஒரு கேள்வி மட்டும். பின்னாடி இருந்து நீரோட்டம் தள்ளுறப்போ 3 நாட்ல சுக்கான் பிடிக்குமா எனக்கு?

ஸ்கிப்பர்மாமா

சுக்கானுக்குத் தெரியறது தண்ணிக்குள்ள உங்க வேகம்தான்மா, கரையைப் பாத்து இருக்கிற வேகம் இல்ல. ஜிபிஎஸ்ல 3 காட்டினா, பின்னாடி நீரோட்டம் 2 நாட்னா தண்ணில நீங்க 1 நாட்லதான் இருக்கீங்க, பிடிக்காது. அதனால ஜிபிஎஸ்ஸைப் பாக்காதீங்க, தண்ணில வேகம் காட்டற லாக் இருந்தா அதைப் பாருங்க, இல்லன்னா எஞ்சின் சுத்தை வச்சு முடிவு பண்ணுங்க. காத்து இல்லாத ஒரு நாள் காலி இடத்துல போய் எந்தச் சுத்துல சுக்கான் விட்டுப்போகுதுன்னு பாத்து வச்சுக்கோங்க. அதுக்கு ஒரு படி மேலதான் உங்க தாண்டவிடற வேகம், ரேடியோல அவர்கிட்டயும் அதையே சொல்லுங்க.